வலக்கை கற்ற பாடம்

சோற்றிலே கறியைக் குழைத்து, ஒரு கவளமாகத் திரட்டி, வாயில் இடுவது மிக எளிய காரியம் என்றே நாம் எல்லோரும் எண்ணியிருக்கிறோம். மூன்று வயதுக் குழந்தை அதைச் செய்கிறது. எண்பது வயது முதியவரும் செய்கிறார். பேசிக்கொண்டும், பத்திரிகை படித்துக்கொண்டும், பந்தியிலே பக்கத்து இலைக்காரரோடு ஊர் வழக்கைத் தீர்த்துக்கொண்டும் செய்கிறோம். ஆனால் அந்த ஒரு கவளம் இலையிலிருந்து வாய்க்கு வந்து சேருவதற்குள் தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்கள் என இருபது அளவான மூட்டுக்கள் ஒன்றுக்கொன்று இடங்கொடுத்து இயங்கவேண்டியிருக்கிறது. எந்த மூட்டு எப்போது எவ்வளவு மடங்கவேண்டும் என்று எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்க்கத் தொடங்கினால் அன்றைக்குப் பட்டினிதான்.

அந்த இசைவு குலைந்தால் ஒரு குடும்பத்துக்கு என்ன நேரும் என்பதை 2017ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் எமது வீட்டிலேயே கண்டோம். எமது தந்தையாருக்கு ஒரு விடியற்காலையிற் பாரிசவாதம் கண்டது. வைத்தியசாலையில் உயிரைக் காப்பாற்றித் தந்தார்கள். குழறிய பேச்சுச் சில கிழமைகளில் தெளிந்தது. மூன்றாம் மாதம் ஊன்றுகோலோடு முற்றத்தில் நடந்தார். வலக்கை மாத்திரம் மடியிலே கிடந்தது.

தந்தையார் நில அளவையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். மயிர்போன்ற கோடுகளைப் பிசகாமல் வரைந்த கை அது. ஆயினும் கோடு வரைய முடியாமற் போனதைக் காட்டிலும் அவரை வருத்தியது சோறுதான். இடக்கையால் உண்பது எங்கள் வீடுகளில் நினைக்கக்கூடிய காரியமன்று. திருநீற்றை இடக்கையால் எடுப்பதும் அவ்வாறே. கரண்டி வாங்கிக் கொடுத்தோம். அதை இடக்கையிற் பிடித்து இரண்டு நாள் உண்டார். மூன்றாம் நாள் கோப்பையைத் தள்ளிவைத்தார். ஆகவே தாயார் ஊட்டினார். முதலில் விறாந்தையில் வைத்து ஊட்டினார். ஒரு நாள் அயலவர் ஒருவர் படலையைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். அதன்பின் உள்ளறையில் வைத்து ஊட்டினார். கல்யாண வீடுகளுக்குப் போவதைத் தந்தையார் நிறுத்திக்கொண்டார். ஏன் என்று எவரும் கேட்கவில்லை. நாம் பட்டம் பெற்ற ஆசிரியர். கற்றல் என்றால் என்ன, கற்பித்தல் என்றால் என்ன என்று பிறருக்கு எடுத்துச் சொல்பவர். எமக்கும் அதிலே ஒரு பிழை இருப்பதாகத் தோன்றவில்லை. தாயார் செய்வதை அன்பின் உச்சம் என்றே எண்ணியிருந்தோம்.

எட்டு மாதம் கழிந்து, பங்குனியில், உறவினர் ஒருவர் சொல்லி ஓர் இளம் இயன்மருத்துவர் வீட்டுக்கு வந்தார். அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயதுக்கு மேலிராது. கையைப் பிடித்துப் பார்ப்பார், எண்ணெய் பூசி உருவுவார் என எதிர்பார்த்திருந்தோம். அவரோ ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு தந்தையாரோடு பழைய கதை பேசத் தொடங்கினார். பேச்சின் நடுவே தந்தையாரின் மூக்குக்கண்ணாடி சரிந்தது. இடக்கை வந்து அதைச் சரிசெய்தது. இலையான் ஒன்று வலது முழங்காலில் வந்திருந்தது. இடக்கை மடியைக் கடந்து சென்று அதை ஓட்டியது. அரை மணித்தியாலம் இவ்வாறு பார்த்திருந்தபின், மேசையிற் கிடந்த திறப்புக் கோவையை வலக்கையால் எடுக்கும்படி அவர் கேட்டார். மணிக்கட்டுச் சற்று நிமிர்ந்தது. விரல்கள் கொஞ்சம் விரிந்தன. திறப்புக் கோவை ஓர் அங்குலம் நகர்ந்து நின்றது.

"சேர், ஐயாவின்ரை கை ஏலாமல் கிடக்கேல்லை. சும்மா கிடக்கப் பழகிப்போச்சு" என்றார்.

எமக்குச் சற்றுக் கோபமே வந்தது. நோயாளியைச் சோம்பேறி என்கிறாரோ என்று நினைத்தோம். அவர் சொன்னதன் பொருள் வேறு. அதை விளங்கிக்கொள்வதற்கு, அவர் எழுதித் தந்த சில பெயர்களை வைத்துக்கொண்டு நாம் பல இரவுகள் படிக்கவேண்டியிருந்தது. அந்தப் படிப்பு எம்மை நூறு ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கி அழைத்துச் சென்று, இங்கிலாந்தில் ஒரு குரங்கின் முன்னே நிறுத்தியது.

சுடுசட்டியில் விரல் பட்டால் நாம் நினைக்குமுன்னே கை பின்வாங்குகிறது. தோலிலிருந்து செய்தி முண்ணாணுக்குப் போகிறது. மூளையின் உத்தரவுக்குக் காத்திராமல் முண்ணாணே தசைக்குக் கட்டளை விடுக்கிறது. இதனைத் தெறிவினை என்று மாணவர்கள் படித்திருப்பார்கள். 1932இல் நோபல் பரிசு பெற்ற ஆங்கில உடற்றொழிலியலாளர் சேர் சாள்ஸ் ஷெரிங்டன், உடலசைவுகளுக்கெல்லாம் அடிப்படை இத்தகைய தெறிவினைகளே எனக் கருதினார். வெடிக்கட்டிலே ஒரு வெடியின் நெருப்பு அடுத்த வெடியைக் கொளுத்துகிறதல்லவா? அவ்வாறே ஓர் அசைவினால் உண்டாகும் உணர்ச்சி அடுத்த அசைவைத் தூண்டுகிறது என்பது அக்கொள்கை. 1895இல் அவரும் மொட் என்பவரும், குரங்கின் ஒரு கையிலிருந்து முண்ணாணுக்குச் செய்தி கொண்டுசெல்லும் உணர்ச்சி நரம்புகளை மாத்திரம் அறுத்தார்கள். தசைகளுக்குக் கட்டளை கொண்டுவரும் நரம்புகளை அவர்கள் தொடவில்லை. ஆயினும் குரங்கு அந்தக் கையை உபயோகிக்கவில்லை. உணர்ச்சி இல்லையேல் தானாக எண்ணிச் செய்யும் அசைவும் இல்லை என்ற முடிவு அன்று எழுதப்பட்டது. நெடுங்காலம் அதுவே பாடமாகவும் இருந்தது.

அதற்கு மாறான சான்றுகள் இடையிலே வராமலில்லை. 1917இல் கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்கர், துப்பாக்கிச் சூட்டினால் முண்ணாண் பழுதடைந்த ஒருவரைப் பற்றி எழுதினார். கால் அசைவது தெரியாத நிலையிலும் அம்மனிதர் தம் காலைச் சொன்ன அளவுக்கு அசைக்க வல்லவராயிருந்தார். ஒரு மனிதரைக் கொண்டு ஒரு கொள்கையைச் சாய்த்துவிட முடியாது போலும்.

1950களின் இறுதியிலும் 1960களிலும் எட்வேட் டோப் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் உழைத்தவர்களும் அதே குரங்குப் பரிசோதனையை மீண்டும் எடுத்துக்கொண்டார்கள். கூடுதலாக ஒன்றைச் செய்தார்கள்: குரங்கின் நல்ல கையைக் கட்டிவைத்தார்கள். பசித்த குரங்கு உணர்ச்சியற்ற கையைக் கொண்டே உணவை எடுக்க முயன்றது. அழகாக அன்று, தட்டுத் தடுமாறி எடுத்தது. ஓரிரு நாளிற் கட்டை அவிழ்த்துவிட்டால் பழைய நிலைக்கே திரும்பியது. பல நாட்கள் கட்டியிருந்தபின் அவிழ்த்தபோது, அக்கையைத் தொடர்ந்தும் உபயோகித்தது. இரண்டு கைகளினதும் உணர்ச்சி நரம்புகள் அறுக்கப்பட்ட குரங்கோ இரண்டையுமே உபயோகித்தது! ஷெரிங்டன் கண்ட காட்சி உண்மையானது. அதற்குச் சொன்ன காரணம்தான் பொருந்தவில்லை.

அப்படியானால் ஒரு கை மாத்திரம் பழுதான குரங்கு அதை ஏன் உபயோகிக்கவில்லை? டோப் சொன்ன விடை ஓர் ஆசிரியருக்கு எளிதில் விளங்கும். நரம்பறுத்த புதிதில் முண்ணாண் அதிர்ச்சியில் இருக்கிறது; அப்போது கை உண்மையாகவே அசையாது. குரங்கு முயல்கிறது, உணவு நழுவுகிறது, அல்லது விலங்கு தடுமாறி விழுகிறது. மற்றக் கையால் முயன்றால் உடனே பலன் கிடைக்கிறது. சில நாட்களில் அது ஒரு பாடத்தைக் கற்றுவிடுகிறது: இந்தக் கையால் ஆவது ஒன்றுமில்லை. மாதங்கள் கழிந்து அதிர்ச்சி நீங்குகிறது. கை அசையக்கூடிய நிலை வருகிறது. ஆனால் கற்ற பாடம் நீங்கவில்லை. குரங்கு மறுபடி முயன்றால் அல்லவா அது பிழையென்று தெரியவரும்? முயலாதபடியால் தெரியாமலே போகிறது. இதற்கு அவர் கற்றுக்கொண்ட உபயோகமின்மை என்னும் பொருள்படப் பெயரிட்டார்.

எமது வகுப்புக்களிலே இந்தக் குரங்கை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். ஐந்தாம் வகுப்பிற் பின்னக் கணக்கில் இருமுறை தவறி, கரும்பலகையின் முன்னே நின்று சிரிப்புக்கு ஆளான பிள்ளை, "எனக்குக் கணக்கு வராது" என்று முடிவுசெய்கிறது. பத்தாம் வகுப்பிலே அதன் அறிவு வளர்ந்து, அக்கணக்கை இமைப்பொழுதிற் செய்யக்கூடிய நிலையில் இருக்கிறது. ஆனால் வினாத்தாளில் அந்தப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறது. வராது என்பது ஒரு காலத்தில் உண்மையாயிருந்தது. இப்போது அது வெறும் பழக்கம்.

இவ்வறிவு எங்கிருந்து வந்தது என்பதை மறைத்துவிட்டு மேலே செல்ல மனம் இடந்தரவில்லை. 1981இல், மேரிலாந்து மாநிலத்தில் சில்வர் ஸ்பிரிங் என்னும் ஊரிலிருந்த டோப்பின் ஆய்வுகூடத்தைப் பொலீசார் சோதனையிட்டு, அங்கிருந்த 17 குரங்குகளைக் கொண்டுசென்றார்கள். அவை மிக மோசமான நிலையில் வைக்கப்பட்டிருந்தன என்பது குற்றச்சாட்டு. கீழ் நீதிமன்றம் குற்றங்கண்டது. மாநிலச் சட்டம் அவ்வாராய்ச்சிக்குப் பொருந்தாதென்று 1983இல் மேல் நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளியது. ஆய்வுகூட விலங்குகளைக் காக்கும் அமெரிக்கச் சட்டம் 1985இற் கடுமையாக்கப்பட்டதற்கு இவ்வழக்கும் ஒரு காரணம். எவ்வுயிர்க்கும் தீங்கு செய்யாதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். எமது தந்தையாரின் சோற்றுக் கவளத்துக்கு அக்குரங்குகளும் கடன்கொடுத்திருக்கின்றன. இக்கணக்கை எப்படி நேர்செய்வதென்று எமக்கு இன்றும் விளங்கவில்லை.

பாரிசவாதம் கண்டவர்களுக்கும் இதே கதிதான் நேருகிறதென்று டோப் கருதினார். இங்கே அதிர்ச்சியடைந்திருப்பது மூளை. முதற் கிழமைகளிற் கை அசைவதில்லை. முயன்றால் தேநீர் கொட்டுகிறது. பார்த்திருப்போர் முகம் மாறுகிறது. இடக்கை வேலையை எடுத்துக்கொள்கிறது. எங்கள் வீடுகளிலோ இடக்கையையும் முந்திக்கொண்டு மனைவியும் மக்களும் எடுத்துக்கொள்கிறார்கள்! அலபாமாப் பல்கலைக்கழகத்தில் அவர் செய்து 1993இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல கை 14 நாட்கள், விழித்திருக்கும் நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு கட்டிவைக்கப்பட்டது. அந்நாட்களில் 10 நாள், நாளுக்கு 6 மணித்தியாலம், பழுதான கைக்குப் பயிற்சி. இம்முறையிற் பயிற்சி சிறிது சிறிதாக ஏறும் படிகளாக அமைக்கப்படுகிறது. இன்று எட்டிய இடத்துக்கு ஒரு விரற்கடை அப்பால் நாளைய இலக்கு. பங்குபற்றியவர்கள் ஒருசிலரே, அவர்களும் நோய்கண்டு ஓராண்டுக்கு மேலானவர்கள். இனித் தேறாது என்று விடப்பட்ட அக்கைகள் தேறின. பின்னர் அமெரிக்காவில் 7 நிலையங்களில், நோய்கண்டு 3 மாதம் முதல் 9 மாதம் வரை சென்ற 222 பேரைக் கொண்டு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. வழக்கமான பராமரிப்பைப் பெற்றவர்களைக் காட்டிலும் இப்பயிற்சியைப் பெற்றவர்கள் கூடிய பயனடைந்தார்கள் என்றும், ஓராண்டின் பின்னரும் அது நிலைத்தது என்றும் 2006இல் அதன் முடிவு வெளியாயிற்று.

இதைப் படித்துவிட்டு எவரும் நாளைக் காலையில் வீட்டிலுள்ள முதியவரின் கையைக் கட்டிவிடலாகாது. மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவேனும், 10 பாகை அளவேனும், தாமாக நிமிர்த்தக் கூடியவர்களுக்கே இம்முறை ஏற்றது. முற்றாக அசையாத கைக்கு இதனாற் பயனில்லை. நோய்கண்ட உடனே கடும்பயிற்சி கொடுப்பதும் நன்றன்று. தொடக்க நாட்களிற் கூடிய அளவு பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களிலும் குறைவாகவே தேறினார்கள் என்று 52 பேரைக் கொண்டு செய்து 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டிற்று. நடையிலே தள்ளாட்டம் உள்ளவரின் நல்ல கையைக் கட்டிவைத்தால் விழுந்து எலும்பை முறித்துக்கொள்வார். இயன்மருத்துவரின் கண்பார்வையிலே செய்யவேண்டிய காரியம் இது.

எமது வீட்டிலே முறை சற்றுத் தளர்த்தப்பட்டது. நாளுக்கு மூன்று மணித்தியாலம். நடக்கும்போதும் கிணற்றடிக்குப் போகும்போதும் கட்டு இல்லை. பழைய துவாயை மடித்துத் தைத்து இடக்கைக்கு ஓர் உறை செய்யும்படி தாயாரிடம் சொல்லப்பட்டது. எந்த வேலைகளுக்கு உறை போடுவது, எவற்றுக்குக் கழற்றுவது என்று ஒரு தாளில் எழுதி, நோயாளியே கையெழுத்திடவேண்டும் என்பதும் இம்முறையின் ஒரு பகுதி. எழுத்தெல்லாம் வலக்கைக்கே உரியது என்று விதியாதலால் தந்தையார் வலக்கையாற் கையெழுத்திட்டார். புழு ஊர்ந்தது போன்ற ஒரு கோடு. அதைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டுத் தாளை மறுபக்கம் திருப்பிவைத்தார்.

முதல் நாள் நடந்ததை விவரிக்க விரும்பவில்லை. தேநீர் முழுவதும் சாரத்தில் ஊற்றுண்டது. "என்னை ஏன் வதைக்கிறியள்?" என்று கேட்டார். தாயார் எழுந்து பின்வளவுக்குப் போய்விட்டார். ஊட்டிய கையைச் சும்மா வைத்திருப்பது, உறைபோட்ட கையைச் சும்மா வைத்திருப்பதிலும் கடினமாயிருந்தது போலும்.

இனி, என்ன பயில்வது என்ற கேள்வி வருகிறது. அதற்கு முன்னர் எட்டு மாதமும் எமது மகன் மாலைதோறும் அப்பப்பாவின் கையைப் பிடித்து நூறுமுறை மடக்கி நீட்டிவந்தான். மூட்டு இறுகாமலிருக்க அது உதவியது உண்மை. இயன்மருத்துவத்திலும் அக்காலத்து முறைகள் பல இந்தப் போக்கிலேதான் இருந்தன. உயர்ந்த மூளை கட்டளையிட, தாழ்ந்த பகுதிகள் கீழ்ப்படிகின்றன. மேலிடம் பழுதானால் கீழுள்ள தெறிவினைகள் கட்டுமீறித் தசையை இறுக்குகின்றன என்பது ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்ற ஆங்கில வைத்தியரின் வழிவந்த கருத்து. அதிகாரி விடுமுறையிற் போனால் கந்தோரில் நடப்பதை நினைத்துக்கொள்ளலாம். 1940களில் லண்டனிலே பேர்ட்டா போபத், காரெல் போபத் தம்பதியர் வகுத்த சிகிச்சை இக்கருத்தைச் சார்ந்து எழுந்தது; இயன்மருத்துவரின் கை அந்த இறுக்கத்தை அடக்கி, நோயாளியின் உறுப்பைச் சரியான பாதையில் நடத்தியது. அம்முறை பின்னர் பலவாறு மாறியது. பலருக்கு நன்மை செய்ததையும் மறுப்பதற்கில்லை. ஆனால் பிறர் பிடித்து நடத்தும் கை எவ்வளவு கற்கும் என்ற கேள்வி இருந்துகொண்டே இருந்தது. 1980களில் அவுஸ்திரேலியாவிலே ஜனற் கார், ரொபேட்டா ஷெப்பேட் என்னும் இருவர், இயன்மருத்துவம் என்பது கற்பித்தலே என்று துணிந்து எழுதினார்கள். நோயாளி வேலையைத் தாமே செய்து பயிலவேண்டும் என்றார்கள்.

இதற்கு வேண்டிய அடிப்படை விளக்கம் வெகுகாலத்துக்கு முன்னரே மொஸ்கோவிற் பிறந்திருந்தது. நிக்கொலாய் பேர்ன்ஸ்டைன் என்பவர் (1896-1966) 1920களில் அங்கிருந்த மத்திய தொழில் நிறுவனத்தில் ஆராய்ச்சியாளராயிருந்தார். சுத்தியல் அடிப்பதற்குச் சரியான அசைவு எதுவென்று கண்டுபிடித்து, அதைத் தொழிலாளர் அனைவருக்கும் பழக்கிவிடுவது நிறுவனத்தின் நோக்கம். பேர்ன்ஸ்டைன் தேர்ந்த தொழிலாளரின் மூட்டுக்களிற் சிறு மின்குமிழ்களைக் கட்டி, அவர்கள் சுத்தியலை ஓங்கி அடிக்கும்போது ஒளிப்படக் கருவியால் அக்குமிழ்களின் பாதையைப் பதிவுசெய்தார். பெறப்பட்ட படங்கள் வியப்பைத் தந்தன. சுத்தியல் ஒவ்வொருமுறையும் ஒரே இடத்தில் விழுந்தது. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் சென்ற பாதைகள் ஒவ்வொருமுறையும் வேறுபட்டன. தோள் சற்று விலகினால் முழங்கை அதை ஈடுசெய்தது. முழங்கை தவறினால் மணிக்கட்டு ஈடுசெய்தது. சரியான ஓர் அசைவு என்று ஒன்று அங்கே இருக்கவேயில்லை! கைவல்லவன் அசைவைத் திரும்பச் செய்வதில்லை. ஒரே சிக்கலை ஒவ்வொருமுறையும் புதிதாக அவிழ்க்கிறான். (1948இல் ஸ்டாலின் பரிசு பெற்ற இவ்வறிஞர், பவ்லோவின் கொள்கைக்கு மாறானவர் என்ற பழியினால் விரைவிலேயே பதவியிழந்தார். இவரது கட்டுரைகள் ஆங்கிலத்தில் நூலாக வந்தது 1967இல், இவர் மறைந்த அடுத்த ஆண்டு.)

இந்த நோக்கிலே சோற்றைப் பார்த்தால் அது எத்துணைச் சிறந்த பயிற்சி என்பது தெரியும். இன்றைய சோறு உதிரி. நாளைய சோறு குழைவு. பருப்பு ஒட்டும், சொதி வழுக்கும், பிட்டு உதிரும், இடியப்பம் இழுபடும். எந்த இரண்டு கவளங்களும் ஒன்றாயிரா. ஆகவேதான் இயன்மருத்துவர் நூறுமுறை மடக்கி நீட்டுவதை நிறுத்தி, வகைவகையான வேலைகளைக் கொடுத்தார். சுளகிலே பயறு பொறுக்குவது, வெங்காயத் தாள் உரிப்பது, பேணியை ஒருநாள் தாழ்ந்த வாங்கிலிருந்தும் மறுநாள் உயர்ந்த தட்டிலிருந்தும் எடுப்பது. 1978இற் பிரசுரமான ஓர் ஆய்வு இதற்கு நல்ல துணை. எட்டு வயதுப் பிள்ளைகளில் ஒருசாரார் 3 அடி தூரத்திலுள்ள இலக்குக்கே பையெறிந்து பழகினார்கள். மறுசாரார் 2 அடிக்கும் 4 அடிக்கும் எறிந்தார்கள். 3 அடிக்கு ஒருமுறையேனும் எறியவில்லை. சோதனை 3 அடியில் நடந்தது. வென்றவர்கள் மறுசாரார்! ஒரே மாதிரிக் கணக்கைப் பக்கம் பக்கமாகச் செய்துவிட்டுப் பரீட்சை மண்டபத்தில் திகைக்கும் மாணவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

தந்தையாருக்கு மிகவும் பிடித்த பயிற்சி கடுதாசி விளையாட்டு. பழைய நண்பர்கள் மூவர் வந்து முந்நூற்றுநாலு விளையாடினார்கள். கடுதாசி பகிர்வது தந்தையாரின் வலக்கை. ஒரு சுற்றுப் பகிர்வதற்குள் நண்பர்கள் வெற்றிலை போட்டு முடித்துவிடுவார்கள். எவரும் அவசரப்படுத்தவில்லை.

அவசரப்படுத்தியவர் ஒருவர் உண்டென்றால் அது நாமே. நாம் பக்கத்தில் இருந்துகொண்டு, "மணிக்கட்டை நிமித்துங்கோ ஐயா, தோளைத் தூக்காதேங்கோ, இப்ப சரி, இப்ப பிழை" என்று ஒவ்வோர் அசைவுக்கும் புள்ளியிட்டுக்கொண்டிருந்தோம். இருபது ஆண்டு ஆசிரியத் தொழில் சும்மா இருக்க விடுமா? நாம் அருகிலிருக்கும்போது தந்தையார் நன்றாகவே செய்தார். இது எமக்குப் பெருமையாகவும் இருந்தது. இரண்டாவது கிழமை இயன்மருத்துவர் கேட்டார்: "சேர், நீங்கள் பள்ளிக்கூடத்திலை இருக்கிற நேரம் ஐயா எப்பிடிச் செய்யிறார் எண்டு அம்மாட்டைக் கேட்டனீங்களோ?"

கேட்டோம். செய்வதேயில்லையாம்.

அவர் எழுதித் தந்த பெயர்களில் கரொலி வின்ஸ்டைன் என்பதும் ஒன்று. இவர் ஓர் இயன்மருத்துவர். அசைவுக் கல்வி பற்றிய கொள்கைகளுக்குப் பேர்பெற்ற ரிச்சட் ஷ்மிட் என்ற உளவியலாளரோடு சேர்ந்து 1990இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கையசைவு ஒன்றைப் பயின்றவர்களிற் சிலருக்கு ஒவ்வொருமுறையும் பிழைதிருத்தம் சொல்லப்பட்டது. வேறு சிலருக்கு அவற்றிற் பாதிக்கே சொல்லப்பட்டது. பின்னர் எதுவும் சொல்லாமல் சோதித்தபோது, குறைவாகச் சொல்லப்பட்டவர்களே கற்றதைக் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். எப்போதும் சொல்லிக்கொண்டிருந்தால் கற்பவர் சொல்பவரையே ஊன்றுகோலாகப் பிடித்துக்கொள்கிறார். தம் கையிலிருந்து வரும் செய்தியைத் தாமே கேட்டு, தாமே பிழையைக் கண்டு, தாமே திருத்தும் வேலை நடப்பதில்லை. தாயார் ஊட்டியது சோற்றை. நாம் ஊட்டியது அறிவை. வித்தியாசம் அவ்வளவே. தாயாருக்காவது அன்பு என்ற சாட்டு இருந்தது.

அன்று முதல் நாம் பயிற்சி நேரத்தில் முற்றத்துப் பூங்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றப் பழகிக்கொண்டோம். வாயை மூடியிருப்பதும் பயின்று வரவேண்டிய ஒரு திறமைதான். எமக்கு அது தந்தையாரின் கையைக் காட்டிலும் மெதுவாகவே வந்தது. வகுப்பிலே இன்னமும் முற்றாக வரவில்லை. வினாவைக் கேட்டுவிட்டு, பிள்ளை வாயைத் திறக்குமுன் விடையைச் சொல்லிவிடுகிறோம்.

கை பழையபடி ஆகிவிட்டதென்று எவரும் எண்ணவேண்டாம். சேட்டின் தெறிகளைப் பூட்ட அவரால் முடியவில்லை, அது வரவேயில்லை. கோடு வரைவதை அவர் முயன்று பார்த்ததாகவும் தெரியவில்லை. குளிர்நாட்களில் விரல்கள் விறைத்துக்கொள்ளும். ஆனால் ஆவணி கழிந்தபின் ஒரு காலையில், சுவாமியறையிலிருந்து நெற்றியிலே கோணலான மூன்று குறிகளோடு வெளியே வந்தார். இடது புருவத்துக்கு மேலே திருநீறு சற்று அதிகமாகவே அப்பியிருந்தது. தாயார் அதைப் பார்த்தார், துடைத்துவிடவில்லை.

2019ஆம் ஆண்டு தைப்பொங்கலன்று விறாந்தையில் எல்லோருக்கும் இலை போட்டோம். படலை திறந்துதான் கிடந்தது. தந்தையார் தூணோடு சாய்ந்திருந்து உண்டார். கவளம் வாய்க்குப் போகும் வழியிலே பருக்கைகள் இலைக்கு வெளியே சிந்தின. தாயார் வழக்கம்போலக் கூட்டியெடுக்க எழுந்தார்.

"இரும், நான் எடுக்கிறன்" என்றார் தந்தையார்.

பத்துப் பருக்கைகள் இருக்கும். வலக்கை விரல்களால் ஒவ்வொன்றாக எடுத்து இலையின் ஓரத்தில் வைத்தார். அவர் எடுத்து முடிக்கும்வரை நாங்கள் எவரும் இலையை மடிக்கவில்லை.